பனங்கட்டியும் பன்றித் தொடையும்

கொழும்புக் கோட்டை நிலையத்தைக் காலையில் விட்டுப் புறப்படும் யாழ்தேவி ரயில், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஓடி, அநுராதபுரத்துக் குளங்களையும் வவுனியாவின் வனங்களையும் கிளிநொச்சியின் வயல்களையும் பின்னே தள்ளிவிட்டு, ஆனையிறவின் ஒடுங்கிய நிலத்தில் ஏறும்போது, அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த பிரயாணிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கி, 1990இல் யுத்தத்தினால் நின்றுபோய், 2014 அக்டோபரில் மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்த வண்டி இது. ஆகையால் இதில் வருகிற வயோதிகர்களுக்கு ஆனையிறவு என்பது வெறும் நிலையப் பெயரன்று. நான் போனது மார்கழி மாதம். வடகீழ்ப் பருவமழை கொட்டித் தீர்த்திருந்த சமயமாதலால், கடல்நீரேரி எது, உப்பளத்துப் பாத்தி எது என்று பிரித்தறிய வகையின்றி, வானத்தின் சாம்பல் நிறத்தை வாங்கிக்கொண்டு எங்கும் ஒரே ஜலமாய்க் கிடந்தது. வெயிற் காலத்தில்தான் இங்கே உப்பு விளையும். மழை இறங்கிவிட்டால் அந்தத் தொழிலுக்கு ஓய்வு. யுத்த காலத்திலோ பருவம் பாராமல் பல வருஷங்கள் ஓய்ந்தே கிடந்தது.

உப்பைப் பற்றி இத்தனை அக்கறையோடு நான் நோக்கியதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துக் குருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், என் சென்னை நண்பரின் தமக்கையார், நத்தார் என்று இங்கே வழங்கும் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரத்தில் தம் இல்லத்துக்கு இராவுணவுக்கு வரும்படி அழைத்து, “பெரிசாக ஒன்றும் இல்லை, ஒரு ஹாம் சுடப்போகிறேன்” என்று கடிதத்தில் எழுதியிருந்தார். ஹாம் என்பது உப்பினால் பதப்படுத்தப்பட்ட பன்றியின் பின்னந்தொடையேயன்றி வேறில்லை. உப்பும் பனையும் இவ்வளவு செழித்த ஒரு நாட்டில் அந்த அந்நியப் பதார்த்தம் என்ன கோலம் கொள்கிறது என்று பார்க்கும் ஆசை, உணவின் மேல் உள்ள ஆசைக்குச் சற்றும் குறையாமல் எனக்கு இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பன்றியிறைச்சியைப் பற்றிப் பேசப் புகுகிறவன் சற்று நிதானமாகவே பேச வேண்டும். 1822இல் நல்லூரில் அவதரித்து, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்து, புலாலுண்ணாமையைச் சைவத்தின் அடிப்படை ஆசாரங்களில் ஒன்றாக வற்புறுத்திய ஆறுமுக நாவலரின் ஊர் இது. மச்சம் சமைக்கும் சைவக் குடும்பங்களிலும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் அடுப்பில் மரக்கறிதான். திருவிழாக் காலத்திலும் விரத நாட்களிலும் மச்சச் சட்டிகள் தனியே ஒதுங்கிவிடும். மீனையும் ஆட்டிறைச்சியையும் ஆர்வத்தோடு உண்பவர்களிலேயே பன்றி என்றால் முகத்தைச் சுளிப்பவர்கள் அநேகர். ஆனால் கரையோரத்துக் கத்தோலிக்கரின் நிலைமை வேறு. அவர்களுக்கு நத்தார் என்றால் பன்றியிறைச்சிக் கறிதான். நடுச்சாமப் பூசை முடிந்து வந்து கண்ணயர்ந்து எழுந்த காலையில், கொத்தமல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு, செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் வறுத்து இடித்த தூளிலே, தன் கொழுப்பிலேயே தான் வெந்து, வினாகிரியின் புளிப்பேறிக் கறுத்துக் கிடக்கும் அந்தக் கறியைப் பாண் என்னும் ரொட்டியோடு தொட்டுத் தின்னாத நத்தார் அவர்களுக்கு நத்தாராகாது.

இந்த ருசியைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழக்கும் வரையில் அவர்கள் இங்கே ஆண்டதும், கத்தோலிக்க மதத்தையும் பாணையும் அதைச் சுடும் போறணையையும் விட்டுச் சென்றதும் மெய்யே. ஆயினும் கொழுத்த பன்றியைப் பற்றி நமக்கு எவரும் புதிதாய்க் கற்பித்திருக்க முடியாது என்றே நான் எண்ணுகிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடற்கரைப் பட்டினத்திலே கள் சமைக்கும் மகளிர், ஆண்பன்றி ஒன்றைப் பெண்பன்றிகளோடு திரிய விடாமல் குழியில் நிறுத்தி, பல நாள் நெல்மாவை ஊட்டிக் கொழுக்க வைத்து, அந்தக் கொழுநிணத்தை முதிர்ந்த கள்ளோடு பாணருக்கு அளிக்கும் செய்தி வருகிறது. விருந்துக்கென்றே அடைத்து, அளந்து ஊட்டி வளர்த்த பன்றி அது; வர்ஜீனியாவில் நிலக்கடலை தின்று வளர்ந்த பன்றியின் ஹாமைச் சிலாகிப்பவர்கள் இந்தக் குழியின் கதையையும் கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். சங்ககாலத்துப் பெண்டிருக்குத் தெரியாதிருந்தது, அந்தத் தொடையை நாட்கணக்கில் உப்பிலிட்டு வைக்கும் குளிர்காலம் ஒன்றுதான்.

ஹாமின் வரலாறு முழுவதும் அந்தக் குளிர்காலத்தின் வரலாறே. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தின் இறுதியில் பன்றியை அறுத்து, தொடையை உப்பிலும் வெடியுப்பிலும் புரட்டி, பனிக்காலம் முழுதும் ஊற விட்டு, புகையூட்டித் தொங்கவிட்டால், ஈஸ்டர் பண்டிகைக்கு அது உண்ணத் தயாராகியிருக்கும். வெடியுப்பின் காரியத்தால் இறைச்சி வெந்த பிறகும் இளஞ்சிவப்பு மாறாமல் நிற்கிறது. இந்த வேலையெல்லாம் இன்று கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் குளிரறைக்குள் நடைபெற்று, வேகவைத்த ஹாமாகவே உறையிலிட்டு யாழ்ப்பாணத்து அங்காடிகளின் குளிர்பெட்டிக்கு வந்துவிடுகிறது. வாங்குகிறவர் செய்ய வேண்டியதெல்லாம், அதை உள்ளே 60 பாகை செல்சியஸ் வரையில் சூடேற்றி, மேலே இனிப்புப் பூச்சு ஒன்றைப் பளபளக்கச் செய்வதுதான். ஆசிரியையின் மகள் ரொறன்ரோவில் வசிக்கிறார். அங்கே தகரத்து அன்னாசி வளையங்களை ஆணியடித்தாற்போல் தொடை முழுதும் பதித்து, பழுப்புச் சீனியை அப்பிச் சுடும் முறையைக் கைத்தொலைபேசியின் வழியாகத் தாய்க்குப் போதித்திருந்தார். தாயார் அதில் அன்னாசியைத் தள்ளிவிட்டார்; சீனியையும் தள்ளிவிட்டார்.

“தகரத்துப் பழம் எங்களுக்கு எதுக்கு, தம்பி? வீட்டிலை பனங்கட்டி கிடக்கேக்குள்ளை?” என்றார்.

வீட்டில் கிடந்தது போதாதென்று தோன்றவே, மறுநாட் காலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அவரோடு நானும் போனேன். ரீச்சர் என்றே அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரை அழைத்தார்கள். நானும் அப்படியே அழைக்கலானேன். மழை விட்டும் விடாத அந்தக் காலையில், புழுக்கொடியலும் பனாட்டும் ஒடியல் மாவும் அடுக்கியிருந்த ஒரு கடையின் முன்னே, பனையோலையால் பின்னிய சின்னஞ்சிறு குட்டான்கள் குவிந்து கிடந்தன. பனையின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியைக் கட்டிவிட்டால், அதில் வடியும் நீர் புளிக்காமல் கருப்பநீராக நிற்கும். சுண்ணாம்பு இல்லையேல் அதுவே கள்ளாகிவிடும். அந்தக் கருப்பநீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி மணிக்கணக்காய்க் காய்ச்சினால் முதலில் பாணியாகும். இன்னும் காய்ச்சிக் கிண்டிக் குட்டானில் வார்த்தால் பனங்கட்டியாய் இறுகும். வருஷத்தின் முற்பாதியே சீவுதலுக்கு உகந்த காலமாகையால், மார்கழியில் கிடைப்பது மாதக்கணக்காய்ச் சேமித்து வைத்த சரக்கு. மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி ஓலையின் இடுக்குகளில் கறுப்பாய்க் கசிந்திருந்தது. அந்தக் கசிவைக் கண்டு நான் தயங்கினேன். ரீச்சரோ அதைத்தான் தேடினார்: சீனி கலந்து வார்த்த கட்டி கல்லைப் போல் வறண்டு நிற்குமென்றும், அசல் சரக்குத்தான் இப்படி அழுமென்றும் அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது.

“கலப்பில்லாதது, ரீச்சர். நாக்கிலை வைச்சுப் பாருங்கோ” என்று கடைக்காரர் ஒரு குட்டானை உடைத்து நீட்டினார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. முதலில் தித்திப்பு, அதன் பின்னே புகையின் வாசனை, கடைசியில் நாவின் ஓரத்தில் மெல்லிய உவர்ப்பும் சுண்ணாம்பின் உறைப்பும். கரும்புச் சர்க்கரையில் இந்தப் படிகள் இல்லை. உப்பேறிய இறைச்சியின் மேல் பூசுவதற்கு வெறும் தித்திப்பு எதற்கும் பயன்படாது. தித்திப்புக்குள்ளேயே சிறிது கசப்பும் உவர்ப்பும் இருந்தால்தான் அது இறைச்சியோடு ஒட்டும் என்பதை அந்த ஒரு துண்டிலேயே நான் உணர்ந்துகொண்டேன்.

இறைச்சிக்கும் இனிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ரீச்சரின் குடும்பத்திலேயே இருந்தார்கள். அவருடைய கணவரின் தமையனார், கடலோடி வாழ்ந்து ஓய்ந்த பெரியவர், நாங்கள் பனங்கட்டியோடு திரும்பி வந்ததைக் கண்டு, “இறைச்சிக்கு இனிப்பே? பிள்ளைகள் கனடாவுக்குப் போனதாலை வந்த வினை” என்று திண்ணையிலிருந்தபடியே தீர்ப்புக் கூறிவிட்டார். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருஷங்களுக்கு மேல் சிறையிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலில், இந்த இலங்கையின் வேடர்கள் குடைந்த மரத்தில் தேனை வார்த்து, அதில் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் அடைத்துச் சேமித்து வைப்பார்கள் என்று எழுதியிருப்பதை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். கனடாவுக்கு முன்பே இங்கே இனிப்பும் இறைச்சியும் கலந்திருந்தன என்பது என் கட்சி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது காடு, ஐயா. இது குருநகர்” என்றார்.

பிற்பகலில் சமையலறையில் நடந்ததை நான் அருகிருந்து பார்த்தேன். மூன்று கிலோ நிறையுள்ள தொடைத்துண்டின் மேல்தோலைக் கத்தியின் நுனியால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்து எடுத்தார் ரீச்சர். உள்ளே விரற்கடை கனத்துக்கு வெண்ணிறமான கொழுப்பு தெரிந்தது. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாய்ச் சாய்கோடுகள் கீறி, கோடுகள் சந்திக்கும் இடந்தோறும் ஒரு கராம்பைச் செருகினார். கீறல் கொழுப்போடு நிற்க வேண்டும், இறைச்சியைத் தொட்டுவிட்டால் சாறு வெளியேறி வறண்டுபோகும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். இன்னொரு பக்கம் பனங்கட்டி சிறிது நீரில் கரைந்து கொதித்தது. அதைத் துணியில் வடித்தபோது ஓலைத் துணுக்குகளும் மணலும் சுண்ணாம்பு மண்டியும் ஒரு சிரங்கையளவு தங்கின. வடித்த பாணியை மறுபடியும் அடுப்பிலேற்றி, வினாகிரியில் ஊறவைத்து அரைத்த கடுகு, இஞ்சிச் சாறு, இடித்த செத்தல் மிளகாய், இறக்கும்போது தேசிக்காய்ப் புளி என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்தார். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால், துளி விழாமல் நூலாய் இழைய வேண்டும், அதுதான் பதம். உப்பு ஒரு கல்லும் போடவில்லை. அது தொடைக்குள்ளேயே வேண்டிய மட்டும் இருந்தது.

அவர் வீட்டில் மின்சாரப் போறணை ஒன்று உண்டு. ஆனால் அதன் வாய் சிறிது. மழைநாளில் மின்சாரத்தையும் நம்புவதற்கில்லை. ஆகவே, நான்கு வீடு தள்ளியிருந்த பேக்கரிக்கு, முகப்பில் ‘வெதுப்பகம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்த பழைய கட்டடத்துக்கு, தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனோம். நத்தார் வாரத்தில் அந்தக் கடையின் பின்கட்டு ஊரின் பொதுச் சமையலறையாகிவிடுகிறது. வீடுகளில் குழைத்த கேக் மாவைத் தட்டுத் தட்டாய்க் கொண்டுவந்து, பெயரெழுதிய கடதாசித் துண்டைச் செருகிவிட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மாலைப் பாண் வெளியே வந்துவிட்டிருந்தது. செங்கல்லால் கட்டிய அந்தப் போறணையின் முதற்சூடு பாணுக்கு உரியது. அது தணிந்தபின் வருகிற இரண்டாஞ்சூடுதான் கேக்குக்கும் எங்கள் தொடைக்கும் ஏற்றது. வெளியே நெருப்பு எரியாமல், சுவரும் தரையும் கூரையும் உண்டு வைத்திருந்த வெப்பத்தை நாலாபுறமும் சமமாய்த் திருப்பித் தருகிற அந்தச் சூட்டை எந்த மின்சாரப் பெட்டியும் தரமாட்டாது.

தட்டில் சிறிது நீர் ஊற்றி, மேலே ஈயத்தாளால் இறுக மூடி, நீண்ட பலகையின் நுனியில் வைத்துப் பேக்கரிக்காரர் அதை உள்ளே தள்ளினார். ஒரு மணி நேரத்துக்கு அப்பால் அதை வெளியே இழுத்துத் தாளை நீக்கிய பின்னர்தான் பாணிக்கு வேலை வந்தது. முதலிலேயே பூசிவிட்டால் இறைச்சி சூடாவதற்கு முன்பே இனிப்பு கரிந்து கசந்துவிடும். சீனியைக் காட்டிலும் பனங்கட்டி விரைவில் கரியும் சுபாவமுடையது. ஆகையால் கடைசி அரை மணிக்குள் மூன்று தடவை, பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில், பனைநார்க் குச்சம் ஒன்றைப் பாணியில் தோய்த்து ரீச்சரே பூசினார். “கெதியாய்ப் பூசுங்கோ ரீச்சர், சூடு போகுது” என்று பேக்கரிக்காரர் அவசரப்படுத்தினார். ஒரு காலத்தில் அவர் அந்த அம்மையாரிடம் கணக்குப் படித்தவராம், ஆனால் போறணை வாயில் அவரே வாத்தியார். முதற் பூச்சில் கொழுப்பு வெறுமனே பழுப்பேறிற்று. இரண்டாவதில் கீறல்களின் விளிம்புகள் சுருண்டு கறுத்தன. மூன்றாவது பூச்சு முடிந்து தட்டு வெளியே வந்தபோது, மேற்பரப்பு முழுதும் அரக்குப் பூசினாற்போல் மின்னிற்று. விரல் நகத்தால் தட்டினால் டிக்கென்று ஒலித்தது. வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி தன் கேக்கை மறந்து, இதற்கு எத்தனை குட்டான் என்று விசாரித்தாள்.

வீதியில் திரும்பி வரும்போது, யாகப்பர் கோயில் பக்கத்திலிருந்து கரோல் பாடகரின் ஒத்திகை கேட்டுக்கொண்டிருந்தது. வேறொரு திசையில் ஒலிபெருக்கியொன்று தேவாரத்தைப் பரப்பியது. அடுத்த வீட்டுச் சைவக் குடும்பத்தார் திருவெம்பாவைக் காலத்து விரதத்தில் இருந்தார்கள். அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் ரீச்சர் தட்டின் துணியை இழுத்து விட்டுக்கொண்டு, வாசலில் நின்ற அம்மையாரிடம் நத்தாருக்குக் கொடுக்கவேண்டிய பயற்றம் பணியாரத்தைப் பற்றிப் பேசினார். அந்த அம்மையாரும் வாசனையைக் குறித்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இராவுணவின்போது நான் கண்ட ஒரு காரியத்தை விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்து விருந்தோம்பலை அனுபவித்தவர்கள் அறிவார்கள்: வந்தவன் உண்டு எழும் வரையில் வீட்டம்மா உட்கார்வதில்லை. அகப்பையும் கையுமாய் நின்று, “இன்னும் ஒரு பிட்டு வையுங்கோ” என்று வற்புறுத்தி, எல்லோரும் கை கழுவியபின் ஆறிப்போன மிச்சத்தைச் சமையலறையின் மூலையில் தனியே உண்பதே இல்லத்தரசியின் தர்மம் என்று தலைமுறை தலைமுறையாய்ப் பழக்கியிருக்கிறார்கள். பத்துக் கறி வைத்துத் தன் உடம்பை வருத்தாத விருந்து விருந்தாகாது என்றொரு எண்ணம் அந்தச் சமையலறைகளில் ஆழ்ந்து வேரூன்றியிருக்கிறது. அன்றிரவு ரீச்சர் எங்களோடு மேசையில் உட்கார்ந்தார். பரிமாறுவதற்கு வேறொன்றும் இல்லை: நடுவில் தொடை, பக்கத்தில் குழல் பிட்டு, பாண், பீற்றூட் சாலட், பெரியவருக்கென்று இடித்த ஒரு செத்தல் மிளகாய்ச் சம்பல். வேண்டியவர் வேண்டியதை அரிந்துகொண்டார்கள். “இதிலை என்ன வேலை? அவங்கள் அவிச்சு அனுப்பினது, நான் பூசினன், பேக்கரியிலை சுட்டது” என்று அவர் குற்றம் செய்தவர் போல் இரண்டு மூன்று தடவை சொன்னாரென்றாலும், சூடான பிட்டின் முன் உட்கார்ந்திருந்த திருப்தி அவர் முகத்தில் தெரியாமலில்லை. ஹாம் என்னும் அந்நியச் சரக்கின் பேரில் எனக்கு ஏற்பட்ட மரியாதைக்கு அதன் ருசியைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம்.

ருசியும் குறைந்ததன்று. மெல்லிய துண்டின் ஓரத்தில் பாணியின் கறுத்த ஓடு நொறுங்கும். அதன் கீழ் கொழுப்பு கரையும். அதற்கும் கீழே இளஞ்சிவப்பான இறைச்சியின் உப்பு. பாணோடு அது சுமார்தான். தட்டின் அடியில் திரண்டிருந்த சாற்றைப் பிட்டின் மேல் ஊற்றிப் பிசைந்து, இறைச்சியைப் பிய்த்துப் போட்டு உண்டபோதுதான், தேங்காய்ப்பூவின் மென்மையும் பனங்கட்டியின் புகைமணமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. பெரியவர் சம்பலோடு மட்டும் உண்பதாகச் சங்கற்பம் செய்திருந்தார். ஆனால் ஓட்டுப் பகுதியாகவே தேடி அரிந்துகொண்டிருந்ததை எல்லோரும் கண்டும் காணாதவர் போல் இருந்தோம்.

அடுத்த நாள் நான் நெடுந்தீவுக்குப் போக வேண்டியிருந்தது. எலும்பைப் பருப்போடு அவிப்பதற்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, மிஞ்சிய இறைச்சியைப் பாண் துண்டுகளுக்கு இடையில் வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தார் ரீச்சர். குறிகட்டுவான் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கப் போகிற பக்தர்கள் நீராடிய தலையும் திருநீறுமாய் நிறைந்து நின்றார்கள்; அந்த இடத்தில் என் பொதியை அவிழ்ப்பது நாகரிகமாகாது. அவர்களுடைய படகு விலகிச் சென்று, எங்கள் படகும் கரையை விட்டு நெடுந்தூரம் வந்து, அலை தூக்கிப் போடத் தொடங்கியபின்னரே பசி பொறுக்காமல் அதை வெளியே எடுத்தேன். பக்கத்தில், சிமெந்து மூட்டையொன்றின் மேல், கழுத்தில் செபமாலையணிந்த நெடுந்தீவுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒன்றை நீட்டினேன். மறுக்காமல் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்று, கடலை ஒரு தரம் பார்த்துவிட்டு, “சாமான் நல்ல சாமான், ஐயா. பனங்கட்டிதான் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். சொல்லிவிட்டு மற்றதற்கும் கையை நீட்டினார்.